இருநூற்று முப்பது கிராம்

எங்கள் நிலத்தில் நீலக்கல் கிடைத்திருப்பதாக அப்பா போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருஷம் ஓவர்சீயராக இருந்து, தெற்கு அந்தமானின் பாதிச் சாக்கடைகளுக்கு அளவு எடுத்தவர். பெயர் கண்ணையா. கண்ணையா சொன்னால் அதிகாரிகளே மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே இந்தத் தீவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எதற்காகக் கொண்டுவந்து இறக்கினார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

சௌல்தாரி கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பள்ளமான ஒரு மூலை உண்டு. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். நெல்லும் வராது, பாக்கும் வராது. மீன் குளம் வெட்டினால் மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா ஜேசிபியை வரவழைத்தார். ஆறடி ஆழத்தில் கறுத்த களிமண்ணுக்குள் எலும்புகள் வந்தன. எலும்பின் பொந்துகளிலும் சுற்றியிருந்த மண்ணிலும் கண்ணாடிச் சில்லு மாதிரி நிறமில்லாத படிகங்கள். கரையில் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் அவை வெளிர்நீலமாகியிருந்தன. மூன்றாம் நாள் மயில்கழுத்து நிறம்.

நான் போர்ட் பிளேரில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். அங்கேயே டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி சௌல்தாரி போனேன். அப்பா ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் சிவப்புத் துணி விரித்து கற்களை அடுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் வினோத்குமார்.

வினோத்குமாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பஜாரில் ராசிக்கல் கடை வைத்திருக்கிறான். அதற்கு முன்னால் அதே கடையில் மொபைல் கவர் விற்றான். அதற்கும் முன்னால் டூரிஸ்ட்டுகளை வேனில் ஏற்றி இறக்கினான். எட்டு விரல்களில் மோதிரம். கல்லைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பான். அந்த ஒரு நிமிஷம்தான் அவனுடைய மொத்தப் படிப்பு.

"கோதை, பாரு. அசல் நீலம்," என்றார் அப்பா.

ஒரு கல்லை எடுத்து நகத்தால் கீறினேன். கோடு விழுந்தது. "நீலக்கல்லு கண்ணாடியையே கீறும்ப்பா. இது நகத்துக்கே தாங்கல."

"கச்சா மால் டீச்சர்ஜி," என்றான் வினோத்குமார். "இன்னும் பழுக்கல. நீங்களே பாத்தீங்கல்ல, நாளுக்கு நாள் கலர் ஏறுது. ஜமீன்ல, மண்ணுக்குள்ள இருந்து வந்த கல்லு, காத்துல பழுக்குது."

"காத்துல பழுக்கல. காத்துல துரு பிடிக்குது," என்றேன். "அப்பா, நான் மூணாவது படிக்கும்போது கோமாரி வந்து மூணு எருமை செத்துச்சே, ஞாபகம் இருக்கா? நீங்கதான் அந்த மூலையில புதைச்சீங்க. அதோட எலும்புதான் இது. எலும்புல பாஸ்பேட் இருக்கு. நம்ம மண்ணுல இரும்பு இருக்கு. ரெண்டும் காத்துப் படாத சேத்துல வருஷக்கணக்கா ஊறினா இந்த மாதிரிப் படிகம் ஆகும். விவியனைட்னு பேரு. இதோட எடையில கால் பங்குக்கு மேல தண்ணிதான்."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அவமானம் அதிகம். எருமைகள் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டன. வெளியாள் முன்னால் ஞாபகம் வந்ததுதான் குற்றம்.

"கிதாப்ல இருக்கிறது வேற, ஜமீன்ல இருக்கிறது வேற," என்றான் வினோத்குமார்.

"கேட்டியா?" என்றார் அப்பா. மூன்று எருமைகளைத் தன் கையால் புதைத்த மனிதர், எட்டு மோதிரக்காரனைக் காட்டி என்னிடம் கேட்டார்.

நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். இன்னும் நான்கு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கல்லில் ஒன்றை அவர் எதிரிலேயே சமையலறை அடுப்பில் வாட்டிக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. விழட்டும் என்று நினைத்தேன். விழும்போது பக்கத்தில் இருந்து பார்க்க ஆசைப்பட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

வியாழக்கிழமை அப்பா போன் செய்தார். குரலில் கோபம் போய் குதூகலம் வந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை சூடு பண்றோம். சிலோன்ல எல்லாம் நீலத்தைச் சூடு பண்ணித்தான் கலர் ஏத்துறானாம். வினோத் சொன்னான். சூட்டுல வெச்சா உள்ள இருக்கிற மங்கல் எல்லாம் போயி கண்ணாடி மாதிரி ஆயிடுமாம்."

"எங்க வெச்சுச் சூடு பண்ணுவீங்க?"

"உங்க டெய்ரி ஃபார்ம்லதான். செலின் பேக்கரி. பெரிய கரண்ட் ஓவன் வெச்சிருக்கால்ல. இருநூத்தம்பது டிகிரி வரைக்கும் போகும். கேட்டேன், சரின்னுட்டா."

நீலக்கல்லைச் சூடு பண்ணுவது உண்மைதான். ஆனால் அதற்கு ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்து எழுநூறு டிகிரி வேண்டும். பன் வேகிற சூடு போதாது. இது எனக்குத் தெரியும். தொண்ணூறு, நூறு டிகிரியிலேயே இந்தக் கல்லிலிருந்து தண்ணீர் கிளம்ப ஆரம்பித்துவிடும் என்பதும், தண்ணீர் போனால் படிகம் நொறுங்கிப் பழுப்பாகிவிடும் என்பதும் தெரியும். "நல்லா சூடு பண்ணுங்கப்பா," என்றேன்.

செலின் அக்கா கடை என் வீட்டிலிருந்து நான்காவது திருப்பம். அவள் கணவர் பிரகாசம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீனவர். போட்டில் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகும் திரும்ப. அவள் தனியாகவே பன், ரஸ்க், ரொட்டி எல்லாம் போடுவாள். கடைக்கு மின் இணைப்பு கிடைக்காமல் அலைந்தபோது அப்பா ஒரு வார்த்தை சொல்லி உதவியிருந்தார். அப்பா கேட்டால் அவளால் மறுக்கமுடியாது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. பூசை முடிந்து வந்து ஓவனைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

நடந்ததை அப்பா ஒரு மாதிரி சொன்னார், செலின் அக்கா பிறகு ஒரு மாதிரி சொன்னாள். எடை மட்டும் இரண்டு பேர் கதையிலும் ஒன்றுதான். வினோத்குமார் தன் கடைத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தான். தொள்ளாயிரம் கிராம். கற்களை ட்ரேயில் பரப்பி மேல் தட்டில் வைத்தார்கள். நான்கு மணி நேரம் என்றான் வினோத்குமார். அந்த நான்கு மணி நேரம் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். சிறிது நேரம் ஓவன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, இரண்டு பேரும் மீன் சாப்பாடு சாப்பிடப் போய்விட்டார்கள். செலின் அக்கா மட்டும் கடையில் இருந்தாள். உள்ளே பொரி பொரிகிற மாதிரி சத்தம் கேட்டதாம். ரொட்டி வேகும்போது மாதிரியே கண்ணாடிக் கதவு வேர்த்து, தண்ணீர் வழிந்ததாம். துணியெடுத்துத் துடைத்தாளாம்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ட்ரேயில் நீலம் இல்லை. காப்பித்தூள் வறுத்த மாதிரி பழுப்பாக, நொறுங்கலாக ஏதோ கிடந்தது. ஆறவைத்து நிறுத்தார்கள். அறுநூற்று எழுபது கிராம்.

அப்பா ட்ரேயைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். வினோத்குமாருக்கு அப்போது இரண்டு வழிதான் இருந்தது. தனக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொள்ளலாம். அல்லது வேறு யாரையாவது திருடி என்று சொல்லலாம். அவன் மூச்சை அடக்கி ஒரு நிமிஷம் யோசித்திருப்பான்.

"பாய் சாப், மால் மாறியிருக்கு," என்றானாம். "நம்ம கல்லை எடுத்துட்டு செங்கல்பொடியைக் கொட்டியிருக்காங்க. எடையும் கரெக்டா வெக்கத் தெரியல. இருநூத்து முப்பது கிராம் குறையுது."

அன்று சாயங்காலம் அப்பா என் வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னார். முகம் சிவந்திருந்தது. நான் எதிர்பார்த்துக் காத்திருந்த தருணம் இதுதான். ஆனால் அவர் விழுந்திருக்கவில்லை, வேறொருத்தியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"அது தண்ணிப்பா," என்றேன். "அன்னைக்கே சொன்னேன். கால் பங்குக்கு மேல தண்ணி. சூட்டுல ஆவியாப் போயிருக்கும்."

"கல்லுல எங்கடி தண்ணி இருக்கும்? நான் என்ன மடையனா?"

"செலின் அக்கா எடுத்திருக்க மாட்டா."

"அப்ப நான் ஏமாந்தேங்கிறியா?"

அவருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் குழப்பமே இல்லை. திருட்டுக் கொடுத்தவனை ஊர் பரிதாபமாகப் பார்க்கும். எருமை எலும்பை நீலம் என்று நம்பியவனைப் பார்த்துச் சிரிக்கும். கிளம்பும்போது, "நாளைக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கப்போறோம்," என்றார். அவருக்குத் தெரிந்த தைரியம் அதுதான். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். போலீஸ்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மற்றவர்களும் என்னைப் போலவே யோசிப்பார்கள் என்று நினைப்பது எங்கள் குடும்ப வியாதி.

அவர்கள் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு கான்ஸ்டபிள்கள் பேக்கரிக்கு வந்து மாவுப் பீப்பாய்களைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பிசைந்து வைத்திருந்த மாவைக் கிளறினார்கள். சர்க்கரை டின், டால்டா டின், அவள் கும்பிடும் மாதா படத்துக்குப் பின்னால், எல்லா இடமும் தேடினார்கள். தெருவே நின்று பார்த்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஸ்வப்னா டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "உங்க ஏரியா பேக்கரிக்காரி கிலோக்கணக்குல நீலக்கல் அடிச்சுட்டாளாமே," என்றாள். இருநூற்று முப்பது கிராம் ஒரே நாளில் கிலோக்கணக்காகியிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் சௌல்தாரிக்குப் போனேன். அப்பா வீட்டில் இல்லை. குளத்தில் இறங்கி, கரைச் சரிவில் கையை விட்டுத் தோண்டி ஒரு முழங்கால் எலும்பை எடுத்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிகங்கள். அவற்றைச் சுரண்டி ஒரு சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தேன். காலையில் பார்த்தபோது மேல்பக்கம் நீலம் பூத்திருந்தது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, டெஸ்ட் டியூபும் ஸ்பிரிட் விளக்கும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் போனேன். எஸ்.ஐ. விஜயலட்சுமி மேஜைமேல் இருந்த பைல்களை ஒதுக்கி இடம் கொடுத்தார். அப்பாவையும் வினோத்குமாரையும் கூப்பிட்டனுப்பினார். வினோத்குமார் தராசோடு வரவேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். செலின் அக்கா ஏற்கெனவே அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், விசாரணைக்காக, மூன்றாவது நாளாக. என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

வினோத்குமாரின் தராசிலேயே பத்து கிராம் நிறுத்தேன். எடையை அவனையே படிக்கச் சொன்னார் எஸ்.ஐ. டெஸ்ட் டியூபில் போட்டு, வாய் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி பிடித்து, அடியில் சூடு காட்டினேன். நேராகப் பிடித்தால் மேலே குளிரும் தண்ணீர் திரும்பி ஓடிவந்து கண்ணாடி வெடித்துவிடும். முதலில் கல்லுக்குள்ளிருந்து சின்னச் சின்னச் சத்தம். நீலம் சாம்பலானது. குழாயின் வாயோரம் மூடுபனி மாதிரி படிந்தது. அது திரண்டு முத்து முத்தாகி, ஒரு சொட்டு எஸ்.ஐ.யின் மேஜைக் கண்ணாடியில் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பத்து நிமிஷத்தில் உள்ளே பழுப்புப் பொடிதான் மிச்சம்.

ஆறிய பிறகு நிறுத்தோம். ஏழு கிராமும் கொஞ்சமும்.

எஸ்.ஐ. விரலால் சொட்டைத் தொட்டுப் பார்த்தார். செல்போனில் கணக்குப் போட்டார். "தொள்ளாயிரத்துக்கு இருநூத்து அம்பது போகணும். இருநூத்து முப்பதுதான் போயிருக்கு. மீதி இருபது எங்க?"

"அதுல எலும்பும் மண்ணும் கலந்திருந்தது மேடம். அதோட காத்துல கிடந்து ஏற்கெனவே கொஞ்சம் மாறியிருந்தது."

"அன்னைக்கே சொன்னேனே மேடம்," என்றாள் செலின் அக்கா பெஞ்சிலிருந்து. "ஓவன் கண்ணாடி வேர்த்துச்சு, துணி போட்டுத் துடைச்சேன்னு."

எஸ்.ஐ. கான்ஸ்டபிளைப் பார்த்தார். "எழுதியிருக்கா?"

அவர் நோட்டைப் புரட்டினார். எழுதவில்லை. அவள் சொன்னபோது அவர் சிரித்திருக்கிறார்.

வினோத்குமார் தொண்டையைச் செருமினான். "மேடம், இந்தக் கல்லு தண்ணிக் கல்லு. அது சரி. ஆனா நாங்க வெச்சது வேற. பாய் சாப்பே சாட்சி."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். மேஜைமேல் அந்த மூன்று நான்கு சொட்டுகள் இன்னும் காயவில்லை. அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செலின் அக்கா இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"குழாயில எதை வேணா காட்டலாம்," என்றார். "நான் வெச்சது நீலம்."

எஸ்.ஐ. ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் தள்ளினார். "கம்ப்ளெயிண்டை வாபஸ் வாங்குறேன்னு எழுதிக் குடுங்க. இல்லேன்னா பொய்ப் புகார்னு நான் எழுதவேண்டியிருக்கும்."

அப்பா எழுதினார். ஓவர்சீயர் கையெழுத்து, முத்து முத்தாக, ஹிந்தியில். பொருள் கிடைக்காததால் வாபஸ் வாங்குவதாக எழுதினார். கடைசி வரை பொருள் அவருக்குக் கிடைக்கவில்லை, தொலைந்தும் போகவில்லை. எஸ்.ஐ. அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டு சீல் வைத்தார்.

அன்று சாயங்காலம் பேக்கரிக்குப் போனேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதை எப்படி அடக்கமாக ஏற்றுக்கொள்வது என்றுகூட வழியில் யோசித்தேன். செலின் அக்கா தரையில் உட்கார்ந்து மாவுப் பீப்பாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது தண்ணின்னு உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?" என்று கேட்டாள், நிமிராமல்.

"பாத்த அன்னைக்கே தெரியும்க்கா."

"என் ஓவன்ல வெக்கப் போறாங்கன்னு?"

"வியாழக்கிழமை."

"நாள் விட்டு நாள் ரொட்டி வாங்க வர்றீங்க. வெள்ளிக்கிழமையும் வந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லலியே."

என்னிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்லக்கூடியதாக இல்லை. அப்பா அசிங்கப்படுவதைப் பார்க்க எனக்கு ஆசை, அதற்கு உங்கள் ஓவன் தோதாக இருந்தது என்று எப்படிச் சொல்வது?

"எங்கப்பாகிட்ட சொன்னேன். அவர் கேக்கல," என்றேன்.

"அவரு கேக்கலேன்னா? ஓவன் அவருதா?" பீப்பாயை நிமிர்த்தி வைத்தாள். "நான் கண்ணாடி வேர்த்துச்சுன்னு சொன்னா சிரிக்கிறான். நீங்க அதையே ஒரு குழாயில காட்டினா எழுதிக்கிறான். சரி, அது அவங்க புத்தி. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவள் அடுத்த பீப்பாயை இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும். அந்தக் கருமத்தை வெச்ச ஓவன்ல ரொட்டி போட்டா ஆளுக்கு ஏதாவது ஆகுமா? விஷமா அது?"

வேதியியல் டீச்சராகிய எனக்கு இந்த நான்கு நாளில் இந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. "விஷம் இல்லக்கா. இரும்பும் பாஸ்பேட்டும்தான். ஆனா பொடி சிந்தியிருக்கும், எலும்புத் தூளும் இருக்கும். நல்லாத் துடைச்சிட்டுப் போடணும்."

"அதையாவது ஞாயித்துக்கிழமை வந்து சொல்லியிருக்கலாம். எதுக்கு வம்புன்னு மூணு நாளா ஓவனைப் போடல. அவனுங்க கிளறிப்போட்ட மாவு போக மீதியும் புளிச்சுப் போச்சு." ஒரு வாளியையும் துணியையும் என் பக்கம் நகர்த்தினாள். "துடைங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, எங்கெங்க ஒட்டியிருக்கும்னு."

புடவையைச் செருகிக்கொண்டு மேல் தட்டில் தலையை விட்டேன். பழுப்புப் பொடி மூலைகளிலும் கதவு ரப்பரிலும் அப்பிக்கிடந்தது. இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார்கள். போலீஸ் கேஸை முடித்துவிட்டது என்று அவர்களிடம் ஓவனுக்குள்ளிருந்தே சொன்னேன். அப்படியா என்றார்கள். அவர்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஒரு மாதம் டெய்ரி ஃபார்ம் ஜனங்கள் வேறு கடையில் ரொட்டி வாங்கினார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். அவள் திருடவில்லை என்று நம்பி வரவில்லை. அந்த இன்னொரு கடையின் பன் கல் மாதிரி இருந்ததால் வந்தார்கள். பிரகாசம் கடலிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டு சௌல்தாரிக்குப் போயிருக்கிறார். அப்பா அவருக்கு டீ கொடுத்து, குளத்தைச் சுற்றிக் காட்டி, என்ன மீன் விடலாம் என்று யோசனை கேட்டாராம். மன்னிப்பைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை என்று செலின் அக்கா சொன்னாள். "போறதுக்கு முன்னாடி பெரிசாக் கத்திட்டுப் போனாரு. ஒரு கிளாஸ் டீக்கு அடங்கிட்டாரு," என்றாள்.

வினோத்குமார் அந்த அறுநூற்று எழுபது கிராமையும் வீணாக்கவில்லை. பழுப்பில் கொஞ்சம் கெட்டியாக இருந்த துண்டுகளைப் பொறுக்கி, வார்னிஷ் பூசி, ராகுவுக்கு உகந்த தீவுக் கோமேதகம் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறான். முதல் மோதிரம் அப்பாவுக்கு. போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூல் வாசலுக்கே வந்தார், என்னிடம் காட்ட. குளிக்கும்போது கழற்றிவைக்கவேண்டுமாம், வினோத் சொல்லியிருக்கிறானாம். நான் மோதிரத்தைப் பார்த்தேன். நகத்தால் கீறிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. "செலின் அக்கா கடைக்குப் போயி அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்கப்பா," என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

செலின் அக்கா எனக்கு இன்னும் ரொட்டி தருகிறாள். முன்பெல்லாம் கையில் கொடுப்பாள், இப்போது கவுண்டரில் வைக்கிறாள். நேற்று நான் எடுத்துக்கொண்டு திரும்பும்போது கூப்பிட்டாள்.

"டீச்சர், கீழ்த்தட்டு இன்னும் துடைக்கல. ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?"

கீழ்த்தட்டில் அவர்கள் எதையும் வைக்கவில்லை. இருந்தும் வருகிறேன் என்றேன்.